எம்முன்னா யாரு

இல்லக்கா, லீவு இல்ல. படிக்கல. பதினொண்ணோட நின்னுட்டேன். ஏன்னு கேட்டா போர் அடிச்சது, அவ்வளவுதான். இந்த இடத்துல எல்லாரும் "அச்சச்சோ"ன்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. நீங்க குடுக்கல. அதனாலதான் பேசுறேன். இல்லேன்னா ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டுப் பாலக்கோடு வரைக்கும் பஸ்லயே தூங்கியிருப்பேன்.

முகம் வாடி இருக்கா? உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அலுப்பு. ஒரு பேருக்காக ஊர் உலகமே சேந்து அடிச்சிக்கிட்டா யாருக்குமே அலுத்துடும். யார் பேருக்கா? என் பேருக்குத்தான். சிரிக்காதீங்க.

ஓசூர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்கேன். பர்வீன் மேடம் நடத்துறாங்க. டேலி, டைப்பிங், அது இது. மேடம் ஒரு தடவை பழைய லேப்டாப்பா ஒரு லாட் எடுத்துட்டு வந்தாங்க. அதைச் செஞ்ச கம்பெனியே இழுத்து மூடிட்டுப் போயிட்டான். விண்டோஸ் போட்டா மூச்சு வாங்குது. சரின்னு நான் இலவச சிஸ்டம் ஒண்ணு ஏத்துனேன். அது ஓடுச்சு. ஆனா மூடியைச் சாத்தித் திறந்தா டச்பேட் செத்துடும். விரலை வெச்சுத் தேய்ப்போம்ல, அந்த இடம். அம்புக்குறி நின்ன இடத்துலயே நிக்கும்.

மேடம் "மௌஸ் வாங்கிடலாமேடி"ன்னாங்க. வாங்கலாம். அது எனக்கும் தெரியும். ஆனா தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்காம விட்டா எனக்குச் சோறு இறங்காது. நான் அப்படி.

அந்த மாதிரி சிஸ்டத்துக்கெல்லாம் அடியில ஒரு புரோகிராம் இருக்கும். கெர்னல்னு பேரு. நீங்க தட்டுறது, தேய்க்கிறது, படம் வர்றது, பாட்டு வர்றது எல்லாம் அது வழியாத்தான் போகணும். கர்னல் இல்லக்கா, மிலிட்டரி இல்ல. எங்கம்மாவும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டுல போய் "எம் பொண்ணு கர்னலுக்கு மெயில் போட்டுக்கிட்டு இருக்கா"ன்னு சொல்லியிருக்கு. அவங்க "எதுக்கும்மா வம்பு, ரிட்டையர் ஆனவரா?"ன்னு கேட்டிருக்காங்க.

அந்தக் கெர்னலை யாரும் விக்கிறதில்ல. எங்கெங்கயோ இருக்கிறவங்க சேந்து எழுதுறாங்க. சிலருக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குது, சிலருக்கு ஒண்ணும் கிடையாது. யார் வேணா திறந்து படிக்கலாம். தப்பு இருந்தா திருத்தி அனுப்பலாம். அதுக்குப் பேட்ச்னு பேரு. டயருக்கு ஒட்டுவாங்கள்ல, அதே பேட்ச்தான். எல்லாம் மெயில்லயேதான் நடக்கும். நீங்க ஒரு மெயில் போட்டா ஆயிரக்கணக்குல ஆளுங்களுக்குப் போகும். எல்லாரும் பாப்பாங்க. எல்லாரும் திட்டலாம்.

நான் போய் பாத்தா, அந்த டச்பேடுக்கு உண்டான பகுதியையே தூக்கிடலாம்னு ஒருத்தன் எழுதி வெச்சிருக்கான். "இதை இப்ப யாரும் பயன்படுத்துறதில்ல. பொறுப்பாளரும் கிடையாது. வெட்டிடலாம்." யாரும் இல்லையாம். சென்டர்ல வரிசையா பொண்ணுங்க உக்காந்து அதுலதான் டைப் அடிச்சுக்கிட்டு இருக்கு, இவன் யாரும் இல்லைங்கிறான். எனக்குச் சுர்ருன்னுச்சு.

உடனே ஒரு மெயில் போட்டேன். "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சேன். லீவு லெட்டர் அப்படித்தானே எழுதச் சொல்லிக் குடுத்தாங்க? அந்தப் பகுதியெல்லாம் பாத்துக்கிறது ஹெட்விக்னு ஒரு ஜெர்மனிக்காரங்க. பொம்பளை. பதில்ல மொத வரியே "நான் சார் இல்லை." ரெண்டாவது வரி, "பதிலை மேலே எழுதாதே, கேள்விக்குக் கீழே எழுது." மூணாவது வரி, "தப்பைத் திருத்தி அனுப்பு. பொறுப்பாளரா உன் பேரைப் போடு. வெட்ட மாட்டேன்." அவ்வளவுதான். வணக்கமும் இல்ல, நன்றியும் இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பேசுனா இப்படிப் பேசணும்.

பொறுப்பாளர்னா என்னன்னா, எந்தப் பகுதியை யார் பாத்துக்கிறாங்கன்னு அந்தக் கெர்னல்லயே எழுதி இருக்கும். உலகத்துல அந்த டச்பேட்ல யாருக்குப் பிரச்சனைன்னாலும் அந்தப் பேரைத்தான் தேடி வரணும். அங்க என் பேரு. பத்தாவது மார்க் ஷீட்டைத் தவிர வேற எங்கயும் என் பேரு அச்சுல வந்ததில்லக்கா. மறைக்க என்ன இருக்கு, எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. மௌஸ் வாங்கிக் குடுத்தா அது வருமா?

உக்காந்து திருத்துனேன். ரொம்பப் பெரிய வேலை எல்லாம் இல்ல. மூடி சாத்துறப்ப அது தூங்கப் போகுது. திறந்தா எழுப்பணும். எழுப்புறவன் கொஞ்சம் அவசரக்காரன், அது கண்ணு முழிக்கிறதுக்குள்ள கேள்வி கேக்குறான், பதில் வரலேன்னதும் செத்துட்டான்னு முடிவு பண்ணிடுறான். கொஞ்சம் பொறுன்னு சொல்லிக் குடுத்தேன். ஆமா, பொறுமையே இல்லாத நான்தான் அதைச் சொல்லிக் குடுத்தேன். பர்வீன் மேடமும் இதுக்குத்தான் சிரிச்சாங்க.

பேட்ச்சுக்கு அடியில கையெழுத்து மாதிரி ஒரு வரி போடணும். இது நான் எழுதினது, இதைக் குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு. அதுல பட்டப்பேரு ஆகாது, சொந்தப் பேருதான். போட்டேன். எம். இலக்கியா.

அங்கதான் புடிச்சது சனியன்.

ஒரு அமெரிக்காக்காரன், நான் எழுதுன புரோகிராமைப் படிக்கல, ஒரு வரி கூடப் படிக்கல, கேக்குறான்: "ஒத்தை எழுத்து பேராகாது. எம் என்பது என்ன?" நான் "இனிஷியல்"னேன். "எதனுடைய இனிஷியல்?" "என்னுடைய இனிஷியல்." "முழுசாப் போடு." "இதுதான் முழுசு." அதுக்குள்ள இன்னொருத்தன் வந்தான், "இவனுக்குச் சர்நேம், குடும்பப் பேரு, இல்லையா?"ன்னு. மொதல்ல நான் இவன் இல்ல, இவ. ரெண்டாவது, நம்மூர்ல பேருக்குப் பின்னாடி ஒட்டு ஒண்ணு போட்டா அது என்னன்னு உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் வெட்டிப்போட்டுட்டுத்தானே ஒரு எழுத்தோட நிக்கிறோம். அதைப் போய் அவனுக்கு நான் எந்த இங்கிலீஷ்ல சொல்ல? என் இங்கிலீஷ் டச்பேடுக்குப் போதும், இதுக்குப் போதாது.

அப்புறம் குபுகுபுன்னு வந்தாங்க. இந்தோனேசியாக்காரர் ஒருத்தர், "எனக்கு ஒரே பேருதான், என்னையும் இப்படித்தான் பாடாப்படுத்துனாங்க"ன்னு அவர் கதையை ஆரம்பிச்சார். ஐஸ்லாந்துக்காரன் ஒருத்தன் அவங்க ஊர்ல எப்படின்னு பாடம் எடுத்தான். ஒருத்தன் சட்டம் பேசுனான். ஒருத்தன் அந்தச் சட்டம் தப்புன்னான். ஒருத்தன், "இது பழைய மெஷின், பேரே தேவையில்ல, வெட்டிடுங்க"ன்னு திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிச்சான். கல்யாண வீட்டுல சம்பந்திங்க சாம்பாருக்குச் சண்டை போடுறாங்க, பொண்ணு மணவறையில கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. என் பேட்ச்சை ஒருத்தன் தொடல. டெஸ்ட் பண்ணிப் பாத்தியான்னு ஒருத்தன் கேக்கல. காலையில மெயிலைத் திறந்தா நூத்துக்கணக்குல இருக்கு. எல்லாத்துக்கும் தலைப்புல என் டச்பேட் பேருதான் இருக்கு, உள்ள டச்பேட் இல்ல.

நானும் கொஞ்சம் போட்டேன். கொஞ்சம்னா, நெறையத்தான். ஆனா அது பதில் சொன்னதுக்கா. சண்டை போட்டது அவங்க.

ஹெட்விக் எனக்குத் தனியா ஒரு மெயில் போட்டாங்க. "இவர்கள் பேசி ஓயட்டும். அதுவரை புது வெர்ஷன் அனுப்பாதே. காத்திரு." அங்க அது ஒரு வழக்கம். பேச்சு முடியிறதுக்கு முன்னாடி திருத்தி அனுப்புனா மரியாதை இல்லையாம். இவங்களுக்கு என்னக்கா, கம்பெனி ஆளுங்க. காத்திருந்தா சம்பளம் வரும். எனக்கு?

சரி, எம்முன்னா யாருன்னு நீங்களும் கேக்குறீங்க பாத்தீங்களா. கண்ணுலயே தெரியுது. சொல்றேன்.

எங்கப்பா பேரு முனிராஜ். எங்கம்மா மாதேஸ்வரி. தமிழ்ல எழுதுனா மு, மா. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் எம். எனக்கு அது வசதியா இருந்துச்சு. மார்க் ஷீட்ல எம்முக்கு அப்பான்னு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். எனக்குள்ள நான் யாரை வேணா வெச்சுக்கலாம். நம்மூர்ல எவன் இனிஷியலுக்கு விரிவு கேப்பான்?

அப்பா கூட இல்லக்கா. பாலக்கோட்டுல தக்காளி மண்டிக்கு வேலைக்குப் போனாரு. வாரா வாரம் வந்தாரு. அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. அப்புறம் பொங்கலுக்கு. அப்புறம் இல்ல. வேற குடும்பமா, குடியா, கடனான்னு எல்லாரும் கேப்பாங்க. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. சண்டை கூடக் கிடையாது. சண்டை போட்டுட்டுப் போயிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். சும்மா வராமப் போறதுன்னா என்ன அர்த்தம்? அம்மா ரோஜாப் பண்ணையில பேக்கிங். கூடாரம் கூடாரமா போட்டிருப்பாங்கள்ல, அங்க. அதுவும் எதுவும் கேக்கல, அவரும் எதுவும் சொல்லல. நான்தான் நடுவுல.

எனக்கு அவர் மேல கோவம் எல்லாம் இல்லக்கா. ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல.

அப்புறம்தான் அந்த ஸ்ரீவத்சன் வந்தாரு. நம்ம ஊர்க்காரர்தான், இப்ப கலிபோர்னியா. எனக்கு உதவி பண்றாராம். யாரும் கூப்பிடல. நீளமா ஒரு மெயில். "தமிழர் மரபில் இனிஷியல் என்பது எப்போதும் தந்தை பெயரின் முதல் எழுத்து. ஆகவே இந்தப் பெண்ணின் எம் என்பது அவர் தந்தை. தந்தை பெயரைப் பின்னால் சேர்த்துவிட்டால் பிரச்சனை தீர்ந்தது." கீழே நாலு பேரு, "அருமையான விளக்கம், நன்றி." எனக்கு எம்முன்னா யாருன்னு அவருக்குத் தெரியுமாம். எப்போதுமாம்!

அவ்வளவுதான். ஹெட்விக் காத்திருன்னு சொன்னதெல்லாம் காத்துல போச்சு. உக்காந்தேன், அடியில இருந்த வரியை மாத்துனேன். இலக்கியா மாதேஸ்வரி. புது வெர்ஷன்னு போட்டு அனுப்பிட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

காலையில ஹெட்விக்கிட்டேர்ந்து ரெண்டு மெயில். ஒண்ணு சண்டைக்காரங்களுக்கு: "எம். இலக்கியா என்பதே அவர் பெயர். எல்லோருக்கும் அவர் அப்படித்தான் அறிமுகம். விதி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இந்தப் பேச்சு இதோடு முடிந்தது." ஒருத்தன் வாயைத் திறக்கல. இன்னொண்ணு எனக்கு: "புது வெர்ஷனை எடுத்துக்கொண்டேன்."

புரியுதாக்கா? அந்த எம்மே போதும்னு சொல்லிட்டாங்க. ஆனா எடுத்துக்கிட்டது நான் அவசரப்பட்டு அனுப்புனதை. ஒரு நாள் சும்மா இருந்திருந்தா நான் எம். இலக்கியாவாவே இருந்திருப்பேன்.

மாத்தலாமான்னு கேட்டேன். பொறுப்பாளர் பேரை மாத்திக்கலாமாம், அதுக்கு இன்னொரு பேட்ச் போடணுமாம். ஆனா இந்தப் பேட்ச்ல போட்ட கையெழுத்து அப்படியேதான். ஏற்கெனவே எத்தனையோ பேர் அதை இறக்கி அவங்கவங்க மெஷின்ல வெச்சாச்சு. ஒண்ணை மாத்துனா அதுக்கு மேல இருக்கிற எல்லாம் கலைஞ்சுடும். அதுல ஒருக்கா போனா போனதுதான். ஹெட்விக் கடைசியில, "நீ நல்ல வேலை செய்திருக்கிறாய்"ன்னு ஒரு வரி போட்டிருந்தாங்க. அவங்க யாருக்கும் அப்படிப் போட மாட்டாங்களாம். படிச்சேன். சந்தோஷம்தான். ஆனா எழுந்து குதிக்கத் தெம்பில்ல.

சரி, வந்தது வந்துடுச்சு, எப்படி இருந்தாலும் அம்மா பேருதானே, அம்மா சந்தோஷப்படும்னு நெனச்சேன். பண்ணையிலேர்ந்து வந்து விரல்ல முள்ளு எடுத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. போனைக் காட்டுனேன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிச்சுது. "மா... தேஸ்... இது என் பேராடி?"

"ஆமா. உலகம் பூரா. கோடிக்கணக்கான மெஷின்ல."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உன் பேரும்மா."

"முன்னாடி என்ன இருந்துச்சு?"

"எம்."

"அதை ஏன் எடுத்த?"

ஸ்ரீவத்சன் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுச்சு. முள்ளு எடுக்கிற ஊசியைக் கீழ வெச்சுது. "அப்ப என் மேல பாசத்துல போடல. எவனோ ஒருத்தன் மேல கோவத்துல போட்டிருக்க"ன்னுச்சு.

எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா.

"எம்முன்னு விட்டிருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்போமேடி."

இதுவரைக்கும் எங்கம்மா அந்த எம்மைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னே அம்மாவுக்குத் தெரியாதுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா, அம்மாவும் அந்த எம்முக்குள்ளதான் குடியிருந்திருக்கு. அவரோட.

அப்புறம் பழசெல்லாம் இழுத்துச்சு. "ஸ்கூல்லயும் இதேதான் பண்ண. மிஸ்ஸை எதிர்த்துப் பேசுனதுக்கு அப்பாவைக் கூட்டிட்டு வான்னாங்க. நான் வர்றேன்னேன், அப்பாதான் வரணும்னுட்டாங்க. அவருக்கு ஒரு போன் போட உனக்கு மனசு வரல. போன் போடுறதுக்குப் பதிலா ஸ்கூலையே விட்டுட்ட." அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. ஸ்கூல் போர் அடிச்சது. நான்தான் மொதல்லயே சொன்னேன்ல.

கடைசியில, "நீ போய் அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வா"ன்னுச்சு. என்னன்னு சொல்ல? "உன் பேரை எடுத்துட்டேன்னு சொல்லு. ஊரறிய எழுதத் தெரியுதுல்ல, உரியவர்கிட்டச் சொல்லத் தெரியாதா?" அவருக்குக் கெர்னலும் தெரியாது, கர்னலும் தெரியாது, சொல்லலேன்னா சாகுற வரைக்கும் தெரியப் போறதில்லன்னேன். "அதனாலதான் நீ சொல்லணும்"னுச்சு. காலையில டிபன் பாக்ஸ்ல ரெண்டு ஆளுக்குப் புளிசாதம் கட்டிக் குடுத்துச்சு.

அதான் போறேன். போய் ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். ஹெட்விக் மாதிரி. வணக்கம் இல்லாம, சுத்தி வளைக்காம.

இருங்கக்கா, போன். அவர்தான்.

ஹலோ... ம்... பஸ்லதான்... தாண்டியாச்சு, ராயக்கோட்டையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு... ம்... அம்மாவா? எப்ப?... என்ன சொன்னுச்சு?... இல்ல, அது வந்து... ம்... ம்... இல்லப்பா, அழல, பஸ் சத்தம்... ம். சரி... என்னது?... ஆமா... ஆமாப்பா.

ஒண்ணுமில்லக்கா.

எங்கம்மா அவருக்குப் போன் பண்ணியிருக்கு. எம்மைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஸ்கூல் கதையை மட்டும் சொல்லியிருக்கு. அவருக்கு இப்பத்தான் தெரியுமாம். "என்னைக் கூட்டியாரச் சொன்னாங்களாம்ல பாப்பா, ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே"ங்கிறாரு. மண்டிக்கு இன்னைக்குப் போகலையாம். சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு ஸ்டாண்டுல வந்து நிக்கிறாராம். நான் வந்ததும் இப்படியே அடுத்த வண்டியில ஓசூருக்கு ஏறிடலாமாம். மிஸ்கிட்ட எப்படிப் பேசணும்னு யோசிச்சு வெச்சிருக்காராம். ஒரு வருஷம் போச்சுன்னு அவருக்குப் புரியல. அவர் என்னமோ நேத்துக் கூப்பிட்டு விட்ட மாதிரி பேசுறாரு.

எதுக்கு ஆமான்னேனா? "ஸ்கூலுக்குத்தானே போறோம்?"னு கேட்டாரு.

என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்களா இருந்தா இல்லன்னு சொல்லியிருப்பீங்களா?

சொல்லுவேன். எம்மையும் சொல்லுவேன். இன்னைக்கு இல்லேன்னா... தெரியலக்கா. புளிசாதம் சாப்புட்டுப் பாக்குறேன்.

ஸ்டாண்டு வந்துடுச்சு. கொஞ்சம் காலை நகத்துங்க, இறங்கணும். வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன்னு சொன்னாரு. பாருங்க, இங்க நிக்கிற எல்லாருமே வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்காங்க.